ஏழாவது படியில் ஒரு மூக்கு

எனக்கு வாசனை தெரியாது. மல்லிகைப் பூவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் என் மூக்கில் வித்தியாசம் கிடையாது. இதை நாற்பது வருடம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அதோடு நின்றிருந்தால் குற்றமில்லை. பக்கத்து வீட்டில் குடியிருந்த ஒருவருக்கு ஆறு வருடம் வாசனை பார்த்துச் சொல்லும் வேலையை ஏற்றுக்கொண்டேன். ஒரு பங்குனி உத்திரத்தன்று, "மீன் வாசனை வரலை பாய், தைரியமா சுடுங்க" என்று அவரிடம் சொன்னேன். அந்த வார்த்தையால் அவருக்கு வீடு போயிற்று. நடக்க முடியாத அவர் மனைவியை ஒரு மாடி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அந்த அம்மாள் உயிரோடு தெருவைப் பார்க்கவில்லை.

இதைக் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சொல்லும்போது சில இடங்களில் எனக்கே சிரிப்பு வருகிறது. சிரிப்பதால் செய்தது இல்லையென்று ஆகிவிடாது.

அவரை நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை வாத்தியாரே என்பார். அரசுப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அவர் காஞ்சிபுரத்தில் ஒரு ஜரிகைக் கடையில் தரம் பார்க்கிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். உயரமான, ஒல்லியான மனிதர். இடது கை கட்டை விரலில் மட்டும் நகம் நீளமாக இருக்கும். ஜரிகையை அந்த நகத்தால் சுரண்டுவார். உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிந்தால் "செல்லும்" என்பார். தெரியாவிட்டால் "செல்லாது." கடையை விட்ட பிறகும் நகம் நிற்கவில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் முதலில் அதிலுள்ள தங்க எழுத்தைச் சுரண்டுவார். என் வீட்டுச் சுவரில் புதிதாக அடித்த வண்ணத்தையும் சுரண்டிப் பார்த்து, "செல்லும் வாத்தியாரே, ஆனா ரெண்டு வருஷம்தான்" என்றார். இரண்டு வருடத்தில் உரிந்தது.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. "ஜரிகைய வித்தவன் உரைச்சுப் பாத்தா செல்லாது. வாங்கறவன் உரைச்சாலும் செல்லாது. ரெண்டு பக்கமும் ஆதாயம் இல்லாத மூணாவது ஆளு உரைக்கணும். நாப்பது வருஷம் நான்தான் அந்த மூணாவது ஆளு." இதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் வேலையை விட்டதும் அவருக்கு ஒரு சங்கடம் வந்தது. தன் சொந்த வாழ்க்கையில் தானே ஒரு கட்சிக்காரர் ஆயிற்றே? ஆகவே தன் கண், காது, நாக்கு எதையும் அவர் சாட்சியாக ஏற்கவில்லை. எல்லாவற்றுக்கும் மூன்றாவது ஆள் வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டில் நான் இருந்தேன்.

காய்ச்சல் வந்தால் வெப்பமானியை வாயில் வைத்துக்கொண்டே மதில் ஓரம் வந்து நிற்பார். எடுத்து என் கையில் கொடுத்து, "நான் பாத்தது செல்லாது, நீங்க படிங்க" என்பார். பால்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தி, "வாத்தியாரே, கொஞ்சம் வந்து பாருங்க, நான் கோவமாவா பேசறேன்?" என்று கூப்பிடுவார். நான் போய்ப் பார்க்கும் வரை பால்காரரும் கேனைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். "ஆமாம் பாய், கோபமாகத்தான் இருக்கிறீர்கள்" என்றால், "அப்ப சரி" என்று விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்வார்.

அவர் குறட்டை விடுகிறார் என்று அவர் மனைவி சொன்னார். அவர் இல்லை என்றார். ஒரு நாள் மதிய உணவுக்குப் பின் என்னை ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு அவர் படுத்தார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற பதற்றத்தில் அவர் தூங்கவே இல்லை. அவர் மனைவிதான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போங்க சார், வூட்டுக்குப் போயி நீங்களாவது தூங்குங்க."

அந்த அம்மாளை நான் ஆபா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவேன். பழவேற்காட்டுக்காரர். முன்பு இருந்த வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை செய்தும் நிற்க முடியவில்லை. படியில்லாத கீழ் வீடாகத் தேடித் தேடித்தான் செவிலிமேட்டில் என் பக்கத்து வீட்டுக்கு வந்தார்கள். சாயங்காலமானால் பாய் சக்கர நாற்காலியில் அவரை வாசல் கேட்டுக்குத் தள்ளிக்கொண்டு வருவார். அங்கே ஆபாவுக்குத் தனி ராஜ்யம். கீரைக்காரியோடு வாக்குவாதம், டவுன் பஸ் நடத்துனர்களுக்குக் கையசைப்பு, பள்ளிக்கூடம் விட்டுப் போகிறவர்களிடம் விசாரணை. அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் அவர் மற்ற நேரமெல்லாம் படுத்திருந்தார் என்று சொல்லலாம். சாப்பாடு மட்டும் இறங்காது. வாரத்தில் ஒரு நாள் மீன் இருந்தால் இரண்டு கை சோறு கூட உள்ளே போகும்.

வீட்டுக்கார அம்மாள் மாடியில் இருந்தார். சுத்த சைவம். பாய் எதையும் மறைக்கவில்லை. குடி வந்த அன்றே சொல்லிவிட்டார்.

"அம்மா, நாங்க மீன் சாப்பிடுவோம். வாரத்துல ஒரு நாள்."

"சாப்புடுங்க பாய், நான் வேணான்னு சொல்லலை. ஆனா மாடிக்கு வாசனை ஏறக் கூடாது. ஏறுச்சின்னா அந்த மாசமே காலி."

"ஏறுச்சா இல்லையான்னு யாரு சொல்றது?"

"ஏன், எனக்கு மூக்கு இல்லையா?"

"உங்க மூக்கு உங்க கட்சிமா. என் மூக்கு என் கட்சி. மூணாவதா ஒரு மூக்கு வேணும்."

அப்போது நான் மதிலுக்கு இந்தப் பக்கம் செய்தித்தாளை எடுத்துக்கொண்டிருந்தேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"சார் கெமிஸ்ட்ரி வாத்தியாரு. வெங்காயம்கூட பாதி நாள் சேக்க மாட்டாரு" என்றார் வீட்டுக்கார அம்மாள்.

"மீனும் வேணாம், வீடும் வேணாம்" என்றார் பாய் பரவசமாக. "இதைவிட நல்ல மூக்கு எங்க கெடைக்கும்?"

அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாலாம் வருடம், அமோனியா புட்டியை மூக்கருகே கொண்டுபோகக் கூடாது என்று வகுப்புக்கு விளக்க, மூக்கருகே கொண்டுபோய்க் காட்டினேன். மூடி கழன்றது. அன்று போனது திரும்பவில்லை. வாயுக்களை வாசனையால் கண்டுபிடிக்கச் சொல்லித் தரும் வாத்தியாருக்கு வாசனை தெரியாது என்று வெளியே சொல்ல முடியுமா? முன்வரிசை மாணவர்களின் முகத்தைப் பார்த்து, அவர்கள் முகம் கோணினால் "அழுகிய முட்டை மணம், எழுதிக்கொள்ளுங்கள்" என்று சமாளித்தேன். அப்படியே ஓய்வூதியம் வரைக்கும் வந்துவிட்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு மதிலோரம் நின்று மானத்தை விட மனம் வரவில்லை. "பார்க்கலாம் பாய்" என்றேன்.

மாடிப்படி வீட்டுக்குள்ளிருந்து ஏறும். மொத்தம் பதினான்கு படி. ஏழாவது படியில் திரும்பும். ஏழாவது படி வரை வாசனை வராவிட்டால் மாடிக்குப் போகாது என்று இரண்டு கட்சியும் ஒப்புக்கொண்டன. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கார அம்மாள் ஏகாம்பரநாதர் கோவிலுக்குப் போவார். அவர் திரும்புவதற்குள் சுட்டு, தின்று, கழுவிவிட வேண்டும். சுட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் நான் ஏழாவது படியில் நின்று சொல்ல வேண்டும். வருகிறது என்றால் அடுப்பை அணைத்துவிடுவார். ஆபாவுக்கு அன்று பருப்பு.

பொரித்தால் தெருவுக்கே தெரியும் என்பதால் மூடிய மின் அடுப்பில் சுடுவது என்று முடிவு செய்திருந்தார். மகள் வாங்கித் தந்த சிறிய அடுப்பு அது. தாமல் ஏரியில் பிடித்த கெண்டை மீனை முழுசாக வாங்கி வருவார். செதிலும் செவுளும் நீக்கி, இரண்டு பக்கமும் சாய்வாகக் கீறி, கீறலில் உப்பும் மிளகும் தேய்ப்பார். வயிற்றில் புதினா, கொத்துமல்லி, சோயிக்கீரை என்கிற சதகுப்பை, கற்பூரவல்லி இலை என்று திணிப்பார். அதற்கு மேல்தான் எலுமிச்சை. வட்ட வட்டமாக அரிந்து, முதுகு ஓரமாக ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும்படி தலையிலிருந்து வால் வரை அடுக்குவார். "பார்டர் இல்லாம என்ன பட்டு?" என்பார். அடியில் நாரத்தை இலை, மேலே நாரத்தை இலை, எல்லாவற்றையும் வாழையிலையில் சுற்றி, கழிவுப் பட்டு நூலால் கட்டுவார். ஒரு தடவை சாயம் போகாத நூல் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அன்று மீன் உடம்பில் அரக்கு நிறத்தில் ஐந்து கோடுகள் விழுந்திருந்தன. "இதுக்கு கிராக்கி ஜாஸ்தி" என்று சொல்லியே ஆபாவுக்குப் பரிமாறினார்.

நான் பார்த்ததைத்தான் சொல்கிறேன். அது எப்படி மணத்தது என்று எனக்குத் தெரியாது.

பிறகு எப்படித் தீர்ப்புச் சொன்னேன்? அந்தத் தெருவில் ஒரு காது அறுந்த சாம்பல் நிறப் பூனை இருந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை நான் ஏழாவது படியில் ஒன்றும் தெரியாமல் நின்றபோது அது வாசலில் வந்து உட்கார்ந்து, மூக்கைத் தூக்கி, மீசையை ஆட்டியது. "வருது பாய்" என்றேன். பாய் ஓடிப்போய் அணைத்தார். அடுத்த வாரம் எலுமிச்சையை இரட்டிப்பாக்கினார். பூனை வரவில்லை. "வரலை" என்றேன். அதுதான் முறை. பள்ளியில் முன்வரிசை இருந்த இடத்தில் இங்கே பூனை இருந்தது.

இது சரியாகவே வேலை செய்தது என்பதுதான் விபரீதம். வீட்டுக்கார அம்மாள் ஒரு முறைகூடக் குறை சொல்லவில்லை. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. வெறுமனே வருகிறது, வரவில்லை என்பதோடு நிற்காமல், "நாரத்தை முன்னாடி நிக்குது பாய், மீன் பின்னாடி பதுங்குது" என்றெல்லாம் அளக்க ஆரம்பித்தேன். அவர் அதற்கேற்ப இலையைக் குறைப்பார், கூட்டுவார். ஒரு நாள், "சோயிக்கீரை கொஞ்சம் தூக்கல்" என்றேன். அவர் முகம் மாறியது. அன்று சோயிக்கீரை போடவே இல்லையாம். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அவர் நகத்தால் தலையைச் சுரண்டியபடி சமையலறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் காய் அரியும் பலகை இருந்தது.

"நேத்து இதே பலகைலதான் சோயிக்கீர அரிஞ்சேன். கழுவினேன் வாத்தியாரே! கழுவின பலகைலேந்து ஏழாவது படிக்கு வந்தத புடிச்சிட்டீங்களே!"

அன்றிலிருந்து என் மூக்கின் புகழ் ஜரிகைக் கடை வரை போனது.

ஆபாவுக்கு மட்டும் நம்பிக்கை இல்லை என்று இப்போது புரிகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் படியிலிருந்து இறங்கும்போது கட்டிலிலிருந்து கூப்பிட்டார். "சார், உங்க வூட்டு அடுப்புல பாலு வெச்சிட்டு வந்தீங்களா? தீஞ்ச நாத்தம் இங்க வரைக்கும் அடிக்குது." ஓடிப்போய்ப் பார்த்தேன். பாத்திரம் கரியாகியிருந்தது. அந்தப் பாத்திரத்துக்குப் பக்கத்திலிருந்துதான் நான் புறப்பட்டு வந்திருந்தேன். திரும்பி வந்தபோது ஆபா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். 

அந்தப் பங்குனி உத்திரத்தன்று ஆபாவின் தம்பி பழவேற்காட்டிலிருந்து வந்திருந்தார். கையில் ஒரு முழுக் கொடுவா மீன். ஐஸ் பெட்டிக்கு வெளியே வால் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் ஆபா கட்டிலில் தானாக எழுந்து உட்கார்ந்தார். ஏரி மீனையே தின்றுகொண்டிருந்தவருக்கு ஆறு வருடம் கழித்துக் கடல் மீன்.

வீட்டுக்கார அம்மாள் வீட்டில் உறவினர் பன்னிரண்டு பேர். எல்லோரும் கோவிலுக்குப் போயிருந்தார்கள், இரவுதான் திரும்புவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் பாய் தயங்கினார். "நல்ல நாளு அவங்களுக்கு. வேணாம், தம்பியே திருப்பி எடுத்துக்கினு போவட்டும்" என்றார். ஆபா வாலையே பார்த்துக்கொண்டிருந்தார். பாய் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

மீன் அடுப்புக்குள் அடங்கவில்லை. "வால வெட்டிடவா?" என்றார் பாய். "எங்க ஊருல விருந்துக்கு மீனு தலையும் வாலுமாத்தான் வரும். வெட்டினா அது கொழம்பு மீனு" என்றார் ஆபா. ஆகவே வால் வெளியே இருக்க, அதை ஈரத் துணியால் சுற்றி, அடுப்புக் கதவைப் பட்டு நூலால் இழுத்துக் கட்டினார். இரண்டு விரல் இடைவெளி இருந்தது.

"வாத்தியாரே, கதவு மூடல. கடல் மீனு வேற. இன்னிக்கு நல்லா பாத்துச் சொல்லுங்க. கொஞ்சம் வந்தாலும் அணைச்சிடறேன். எனக்கு இந்த வூடு வேணும். அவளுக்கு அந்த கேட்டு வேணும்."

ஏழாவது படியில் நின்றேன். வாசலில் பூனை இல்லை. பத்து நிமிடம் ஆயிற்று, கால் மணி நேரம் ஆயிற்று, பூனை இல்லை. தம்பி கொல்லைப்புறத்தில் மீனைச் சுத்தம் செய்து குடலையும் செவுளையும் அங்கேயே போட்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவ்வளவையும் தின்றுவிட்டு அது துவைக்கிற கல்லின் நிழலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"வருதா?"

"வரலை பாய்."

"இன்னொரு தரம் பாருங்க."

மூச்சை இழுத்துக் காட்டினேன். "எலுமிச்சைதான் நிக்குது. தைரியமா சுடுங்க."

அரை மணி நேரம் கழித்து வாசலில் இரண்டு ஆட்டோக்கள் வந்து நின்றன. வெயிலில் வீட்டுக்கார அம்மாளின் அக்காவுக்கு மயக்கம் வந்து எல்லோரும் பாதியில் திரும்பிவிட்டார்கள். நெற்றி நிறைய விபூதியும் கையில் பிரசாதமுமாகப் பன்னிரண்டு பேர் கேட்டுக்குள் நுழைந்தார்கள். பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் பட்டு முந்தானையாலும் அங்கவஸ்திரத்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மயக்கமாக இருந்த அக்கா அந்த வாசனையில் தெளிந்து எழுந்து, "என்னாடி இது, உன் வூட்ல பொணம் எரியுதா?" என்றார்.

எனக்கு அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. பன்னிரண்டு முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கார அம்மாள் கத்தவில்லை. "என் அக்கா முன்னாடி இப்படி ஆயிடுச்சே பாய். அன்னிக்குப் பேசினதுதான். இந்த மாசம்" என்றார். பாய் தலையாட்டினார். தம்பி மீனை அப்படியே இலையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆபா ஒரு துண்டுகூடத் தின்னவில்லை.

இதையெல்லாம்விட எனக்குத் தாங்காதது ஒன்று. பாய் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "வாத்தியார் மூக்கு தப்பு பண்ணாது. அவரு பாத்துட்டு எறங்கனதுக்கு அப்பறம்தான் வாசனை வந்திருக்கணும். கதவ மூடாதது என் தப்பு" என்றார்.

கீழ் வீடு கிடைக்கவில்லை. கிடைத்த இடங்களில் மீன் என்றதும் கதவு மூடியது. கடைசியில் பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் ஒருவர் தன் மாடியைக் கொடுத்தார். அவருக்கு மீன் வாசனை பற்றிக் கவலையே இல்லை. ஆனால் படி குறுகல், செங்குத்து. ஆபாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கத் தெருவில் நான்கு பேர் வந்தார்கள். திருவிழாவில் சாமி பல்லக்குத் தூக்குகிறவர்கள். பழக்கம் விடுமா? நாற்காலிக்கு இரண்டு மூங்கில் கட்டித் தோளில் ஏற்றி, ஒரே அடியாகக் காலெடுத்து வைத்து, படி திரும்பும் இடத்தில் சாமியைத் திருப்புவதுபோல் நிறுத்தி நிதானமாகத் திருப்பினார்கள். ஒருவர் தன்னையறியாமல் "மெதுவா, சாமி, மெதுவா" என்றார். ஆபா மேலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா சார், எனக்குப் பொறப்பாடு." அது அவர் கடைசியாகப் பார்த்த தெரு. மாடி ஜன்னலிலிருந்து எதிர்ச் சுவரும், அதில் உலர்த்திய பட்டு நூலும்தான் தெரியும்.

மூன்று மாதம் பொறுத்தேன். பிறகு போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும். அமோனியா, முன்வரிசை, பூனை.

பாய் கேட்டு முடித்ததும் என் முகத்தையே பார்த்தார். சுரண்டிப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"செல்லாது" என்றார்.

"என்ன பாய்?"

"உங்க மூக்கு செத்துடுச்சின்னு நீங்களே சொன்னா எப்படி செல்லும்? நீங்க இப்ப கட்சிக்காரரு. என் மேல எரக்கப்பட்டு பழிய ஏத்துக்கறீங்களோ என்னமோ. மூணாவது ஆளு பாக்கணும்."

மூன்றாவது ஆள் என்று அவர் கண்டுபிடித்தது வீட்டுக்கார அம்மாளை. டவுன் பஸ் ஏறிச் செவிலிமேட்டுக்கு வந்தோம். கேட்டுக்கு வெளியே என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, பாயின் துண்டால் கண்ணைக் கட்டினார்கள். அந்த அம்மாள் ஒவ்வொன்றாக மூக்கின் கீழ் நீட்டினார்.

"இது என்னா சார்?"

"சாம்பிராணி?"

"காப்பித் தூள். இது?"

"எலுமிச்சை."

"பெருங்காயம். பாய், நீங்க கொண்டாந்தத காட்டுங்க. அந்த ஓரமா நின்னு காட்டுங்க, காத்து உள்ள வருது."

ஏதோ ஒன்று மூக்கில் உரசியது. யோசித்தேன். "பூ மாதிரி இருக்கிறது. பிச்சிப்பூவா?"

கட்டை அவிழ்த்தார்கள். மூக்கின் நுனியில் ஒரு கருவாடு தொங்கிக்கொண்டிருந்தது.

"செத்த மூக்குதான்" என்றார் வீட்டுக்கார அம்மாள், முந்தானையால் தன் மூக்கைப் பொத்தியபடி. "அப்ப ஆறு வருஷமா ஒழுங்கா சொன்னது?"

"பூனை" என்றேன்.

பாய் கருவாட்டைத் தாளில் சுற்றிப் பையில் வைத்தார். "பூனை மீன் திங்கற கட்சி" என்றார் கடைசியில். "ஆறு வருஷமும் செல்லாது."

பழைய கீழ் வீட்டை அவருக்கே திரும்பக் கொடுக்கும்படி அந்த அம்மாளிடம் கெஞ்சினேன். அவர் வாசலில் நின்ற புதுக் குடித்தனக்காரரின் ஸ்கூட்டரைக் காட்டினார். அந்த அம்மாளும் வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். திரும்பும் வழியில், என் வீட்டு முன்னறையைக் கொடுக்கிறேன், படியில்லை, கேட்டும் இருக்கிறது என்று பாயிடம் சொன்னேன். அப்போதுதான் என் மகனும் மருமகளும் என்னோடு வந்து தங்கியிருந்தார்கள்.

"உங்க மருமக மூக்கு எப்படி?"

"நல்ல மூக்கு பாய்."

"அப்ப வேணாம். அவள மறுபடியும் தூக்கிக்கினு எறங்கி, மறுபடியும் ஏற முடியாது."

எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காகவும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

புது வீட்டில் மின் அடுப்பைப் போட்டால் ஃபியூஸ் போய்க் கீழே தறியில் விளக்கு அணைந்தது. அடுப்பு மூலையில் கிடந்தது. ஆபா மீன் தின்று நான்கு மாதம் ஆகியிருந்தது. அடுப்பைக் கேட்டு வாங்கி வந்து என் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தாமலுக்குப் போனேன். எழுபத்து மூன்று வயதில் முதல் முறையாக மீன் வாங்கினேன்.

"கொழம்புக்கா, வறுவலுக்கா சார்?" என்றாள் மீன்காரி.

"சுடுவதற்கு. முழுசாக வேண்டும்."

"சுடறதுக்கா? யாருக்கு உடம்பு சரியில்ல?"

சுத்தம் செய்து கொடுத்தாள். அதன் கண் என்னையே பார்த்தது. பாய் செய்ததை ஆறு வருடம் பார்த்தவன் என்பதால் கீறல் சரியாக வந்தது. உப்பு, மிளகு, புதினா, கொத்துமல்லி, வாழையிலை. பழக்கமில்லாததால் கட்டு மட்டும் கோணல். மருமகள் பாதிப்படியில் வந்து நின்று, "மாமா, மேல என்னா பண்றீங்க?" என்றாள். "ஒரு கடன் இருக்கிறது அம்மா" என்றேன். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கிப்போய் ஜன்னல்களைச் சாத்தினாள். அதைப் பார்த்தாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பிள்ளையார்பாளையத்தில் பாத்திரத்தோடு படியேறும்போது கீழே தறியை நிறுத்திவிட்டு வீட்டுக்காரர், "யாருப்பா மீனு? ஊரத் தூக்குது!" என்று குரல் கொடுத்தார். ஆபா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். வாழையிலையைப் பிரித்தேன். பாய் குனிந்து பார்த்தார்.

"பார்டர் எங்க வாத்தியாரே?"

சட்டைப் பையில் கையை விட்டேன். மூன்று எலுமிச்சம்பழமும் அங்கேயே இருந்தன. நாரத்தை இலை கால்சட்டைப் பையில் கசங்கிக் கிடந்தது.

ஆபா ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார். இன்னொன்று. பிறகு சோறு கேட்டார். தட்டு காலியாகும் வரை நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தோம்.

"ஆறு வருஷமா எனக்கு எலுமிச்சம்பழத்தத்தான் ஆக்கிப் போட்டாரு" என்றார் பாயைக் காட்டி. "மீனு எங்கியோ உள்ள இருக்கும். இன்னிக்குத்தான் மீனு மீனா இருக்குது."

"சொல்லியிருக்கலாமே ஆபா."

"எப்படி சொல்றது? வூடு போயிடுமே. உங்களுக்கு மூக்கு இல்லன்னு பாலு தீஞ்ச அன்னிக்கே எனக்குத் தெரியும். என்னைக்காவது ஒரு நாளு தப்பா சொல்லுவீங்க, மீனு வாசனையோட வரும்னு காத்துக்கினு இருந்தேன். வந்த அன்னிக்கு தின்னக் குடுத்து வெக்கல."

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நாற்பது ஞாயிற்றுக்கிழமைகள் அந்தப் படி ஏறினேன். எலுமிச்சை போடாமல்தான். ஒரு முறை கருகியது, ஒரு முறை வேகவில்லை. ஆபா எல்லாவற்றையும் தின்றார். அவர் போன பிறகு பாய் வாணியம்பாடியில் மகளோடு போய் இருந்துவிட்டார். இப்போது தொடர்பு இல்லை. அந்தத் தெருவையும் கேட்டையும் என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. மீன் அதற்கு ஈடு என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஒன்று நடந்தது. காலிப் பாத்திரத்தோடு நான் இறங்கும்போது பாய் மேல் படியில் நின்றார். இனி யாரும் கேட்கப் போவதில்லை, யாரும் காலி செய்யச் சொல்லப் போவதில்லை. இருந்தாலும் பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"வாத்தியாரே, வாசனை வருதா?"

படியில் நின்றேன். எத்தனையாவது படி என்று எண்ணவில்லை.

"எனக்குத் தெரியாது பாய்."

அவர் கட்டை விரல் நகத்தால் கைப்பிடிச் சுவரை ஒரு முறை சுரண்டினார்.

"செல்லும்" என்றார்.